புதன்கிழமை எங்களுடையது

கொக்கிரகுளத்திலிருந்து வந்த கடிதம் ஒரு பக்கம்தான்.
நான்கு ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்ப்பது குறித்து
பதினைந்து நாளில் கருத்துரு அனுப்புக.
டிராக்டருக்குப் பின் டயர் கேட்டு
நாங்கள் அனுப்பிய கருத்துருவுக்கு
போன ஆனியோடு பதினாலு மாதம்.

நான்கு ஊருக்கும் அந்த ஒரே டிராக்டர்.
திங்கள் செங்குளம். செவ்வாய் ஆலடிப்பற்று.
புதன் எங்களுடையது. வியாழன் மைதீன்புரம்.
வெள்ளிக்கிழமை இசக்கிராசா வீட்டு முன்னால்
எண்ணெய் ஒழுகி நிற்கும்.
வாங்கிய புதிதில் டிரெய்லரின் நாலு பக்கத்திலும்
நாலு ஊர்ப்பேர் எழுதச் சீட்டுப் போட்டோம்.
எங்களுக்கு விழுந்தது பின்கதவு.
திறந்து திறந்து குப்பை தள்ளியதில்
முதலில் அழிந்த பேர் எங்கள் பேர்.

சத்துணவுக் கூடத்தில் கூட்டம்.
பருப்பு கொதிக்கிற சத்தத்துக்கு மேலே
செங்குளத்து ஞானதுரை சொன்னார்:
"சேந்தா தார்ரோடு வரும் வே."
"வரும். பின்னாலயே வீட்டுவரியும் வரும்.
நூறுநாள் வேலை போவும்" என்றார்
ஆலடிப்பற்றுத் தலைவி தங்கமாரி.

செய்யதலி பாத்திமா வெகுநேரம் பேசவில்லை.
கடைசிக் குளத்துக்காரர் அவர்.
செங்குளம் மறுகால் விழுந்தால் எங்கள் குளம்,
எங்கள் குளம் பெருகினால்தான் மைதீன்புரம்.
"பிசானத்துக்கு நீங்க பலகை போட்டு அடைச்சீங்கள்லா,
அன்னைக்கு நான் யார்ட்ட வந்தேன்?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
குடையோடு வரப்பில் நடந்து வந்தார் அன்றைக்கு,
இருபது நிமிஷம்.
திட்டிக்கொண்டே ஒரு பலகையை எடுத்துவிட்டோம்,
அதுவும் பாதி.
"மாநகராட்சிக்கு ரெண்டு பஸ் மாறணும்"
என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி எவரும் எடுக்கவில்லை.
கரை உடைந்த ஐப்பசி ராத்திரி,
யாருக்கும் முறையில்லாத நாள்,
இசக்கிராசா எவரையும் கேட்காமல் வண்டியை எடுத்து
மைதீன்புரத்துக்கு ஏழு நடை போனான்.
பிள்ளைகள், ஆடுகள், ஒரு தையல் மிஷின்.
அந்த டீசலை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது என்று
பிறகு நாலு கூட்டம் சண்டை.
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்,
இன்னும் தணிக்கைத் தடையாக
என் பேரில் நிற்கிறது.

இதை நல்ல ஏற்பாடு என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.

சாயங்காலம் தீர்மானத்தை எழுதினேன்:
'இணைய விருப்பமில்லை; சேர்ந்திருக்கச் சம்மதம்.'
எங்கள் தலைவர் கோமதிநாயகம்
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"கல்யாணப் பத்திரிகையா வே எழுதுதீரு?"
'சேர்ந்திருக்க'வை அடித்து
மேலே 'சேர்ந்து செய்ய' என்று திருத்தினார்.
ஞானதுரை கடைசியாகக் கையெழுத்துப் போட்டார்,
தார்ரோட்டை நினைத்துக்கொண்டே.

அடியில், வழக்கம்போல, நான்:
இணைப்பு – பின் டயருக்கான விலைப்புள்ளி மூன்று.