ஐந்தாவது பை

ஜீன்ஸில் ஐந்தாவதாய் ஒரு குட்டிப் பை உண்டு.
மசேரு நகரத்து ஆலையில், நாலாம் வரிசையில்,
நாளுக்கு எழுநூறு தைக்கிறேன்.
எதற்கென்று எனக்கும் தெரியாது.

மாத்திரைப் புட்டி குலுங்கினால் சத்தம் போடும்.
மாமியார் காதுக்குப் பஞ்சு வைக்க முடியாது,
புட்டிக்கு வைத்தேன்.
இரவுப் பணி என்றால்
ஒன்றே ஒன்று, அந்தக் குட்டிப் பையில்.

மோலெஃபி சுரங்கத்திலிருந்து
மாசக் கடைசியில் வருவான்.
சில மாசம் வரமாட்டான்.
அங்கே யாரோடு என்று கேட்டதில்லை;
கேட்டால் பொய் சொல்வான்,
அவனைப் பொய்யனாகப் பார்க்க எனக்குப் பிடிக்காது.
கேட்காமலே காத்துக்கொள்ளலாம், தினம் ஒன்று
என்றாள் நர்ஸ் செபோலெலோ.

முதல் வாரம் குமட்டல்.
பக்கத்து மெஷின் லினேயோ
"மறுபடி முழுகாமலா?" என்றாள்.
சிரித்து வைத்தேன்.

மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஆலை வாசலில் வேன்.
ஊசி குத்தாத நாள் உண்டா இந்த விரலுக்கு?
ஆனாலும் இந்தக் குத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.
இருபது நிமிஷம்.
ஜூலைக் குளிர், தூரத்து மலையில் வெள்ளை,
ரொட்டி பொரிக்கிறவளின் எண்ணெய் மணம்.
ஒரே கோடு.
"அடுத்தது அக்டோபர்" என்று அட்டையில் எழுதுகிறாள்.

போன தடவை அவன் புட்டியைப் பார்த்துவிட்டான்.
"எச்.ஐ.வி. மாத்திரையா?"
"வராமலிருக்க."
வெகுநேரம் அடுப்பையே பார்த்தான்.
யாரிடமிருந்து என்று கேட்கவில்லை.

விடியலில் பஸ் ஏறும்போது,
கையுறையை மாட்டியபடி,
"அந்த வேன் சனிக்கிழமை வருமா?" என்றான்.
வராது.
வேறு இடம் சொன்னேன்.