கவனிப்புத் தாள்

செவ்வாய்க்கிழமை அவள் என் வகுப்பைப் பார்ப்பாள்,
வியாழன் நான் அவளுடையதை.
பல்கலைக்கழகமும் பள்ளிக்கூடமும்
போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில்
நாங்கள் இருவரும் ஒரே ஒரு வரி:
'பயிற்சி ஆசிரியர்கள், இருவர் இருவராக.'

கல்லூரிச் சாலையில் ஏறி
செக்காலையில் இறங்க வேண்டும்.
கம்பியைப் பிடித்தபடியே
சாந்தநாயகி பாடத்திட்டம் எழுதுவாள்.
டிரைவர் பிரேக் போட்ட இடத்திலெல்லாம்
கற்றல் நோக்கங்களுக்கு வால் முளைத்திருக்கும்.

காரைக்குடி மாநகரம் ஆனபோது
பள்ளியின் பெயர்ப்பலகையில்
'நகராட்சி'க்கு முன்னால் இடுக்கிக்கொண்டு
ஒரு 'மா' எழுதினார்கள்.
அந்த ஓர் எழுத்து மட்டும் புதுப் பெயிண்ட்.
உள்ளே
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு, நாற்பத்து மூன்று பேர்.
திங்கள் மட்டும் முப்பத்தொன்று.
அன்றைக்குச் சந்தை;
தக்காளிக்கு மீதிச் சில்லறை கொடுக்கும் பன்னிரண்டு பேருக்கு
நான் செவ்வாயன்று
கழித்தல் சொல்லிக்கொடுப்பேன்.

முதல் மாதம் எனக்குத் தெரிந்தது சத்தம்தான்.
அதில் யார் பெயர் எது என்று பிரிக்க
இன்னொரு மாதம்.
ஜெனோவாவின் பெயரை மட்டும் சீக்கிரம் தெரிந்துகொண்டேன்:
பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து
அப்படியே எழுதுகிறவள்,
அவள் போட்ட தப்பையும் சேர்த்து.
கடைசி பெஞ்சுக்கு மாற்றினேன்.
வைரக்கண்ணுவும் கேட்காமலே
பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள்.
போகட்டும் என்று பின்னத்துக்குத் திரும்பினேன்.

அந்தச் செவ்வாய் சாந்தநாயகி
கால் ஆடும் பெஞ்சின் ஓரத்தில்
செருப்பை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.
தாளில் பதினெட்டுக் கட்டங்கள்.
குரல் தெளிவு: நான்கு.
கரும்பலகைப் பயன்பாடு: நான்கு.
மாணவர் ஈடுபாடு: மூன்று
(பாவம் பார்த்துப் போட்டிருப்பாள்).
நான் நிம்மதியாக மடிக்கப் போனேன்.
"திருப்பிப் பாரு" என்றாள்.

பின்பக்கம், கட்டமில்லாத இடத்தில்,
பென்சிலில்:
'ஜெனோவா காப்பியடிக்கவில்லை.
போர்டில் இருப்பதை வைரக்கண்ணு
அவள் காதுக்குள் வாசிக்கிறாள்.
வாய் ஓயும்போதுதான் நோட்டைப் பார்க்கிறாள்.
நீ நடத்தியதை இன்று
அவளும்தான் நடத்தினாள்.'

திரும்பும் பஸ்ஸில் நான் பேசவில்லை.
கழனிவாசல் தாண்டியதும்
"எனக்கும் உட்கார்ந்த பிறகுதான் தெரிஞ்சுது,
நின்னுக்கிட்டே இருந்தா தெரியாது" என்றாள்.
அது ஆறுதலா, குத்தலா?
டிக்கெட்டைச் சுருட்டி விரித்துச் சுருட்டினேன்.

மறுநாள் இருவரும் முதல் பெஞ்சுக்கு வந்தார்கள்.
ஏன் என்று நான் வகுப்புக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும்.
கண் பரிசோதனைக்குப் படிவம்,
படிவத்துக்கு முத்திரை,
முத்திரை வைக்கிறவருக்கு லீவு.
கண்ணாடி வர இருபத்தாறு நாள்.
அதுவரை என் எழுத்து வீங்கியது:
'அரை' என்று எழுத அரைப் பலகை.
பிரகலாத் எழுந்து,
ஒடிசாவிலிருந்து வந்து எட்டே மாதமான தமிழில்,
"சார், இன்னிக்கு எனக்கும் படிக்க முடியுது" என்றான்.
இவனை யாரும் தாளில் எழுதவில்லையே.

மாதக் கூட்டத்தில் பேராசிரியர் வாசித்தார்:
'திட்டமிட்ட கவனிப்புகள் பன்னிரண்டு,
நடந்தவை பன்னிரண்டு.'
கைதட்டினோம்.
டீயும் கீரை வடையும் வந்தன.

வியாழக்கிழமை.
சாந்தநாயகியின் ஆறாம் வகுப்பு.
மழை எப்படி உருவாகிறது என்று
கையாலேயே மேகம் செய்கிறாள்.
பிள்ளைகள் வாய் திறந்து பார்க்கிறார்கள்.
எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டுவிட்டு
மூடியைத் தேடுகிறேன்.

அப்போதுதான்.
இடது பக்க வரிசையில்
ஒரு கை உயர்ந்திருக்கிறது.
களைத்து, மறு கையால் முட்டுக் கொடுத்து,
இன்னும் உயர்ந்திருக்கிறது.
மேகம் வலப்பக்கமாகவே
நகர்ந்துகொண்டிருக்கிறது.

தாளைத் திருப்பினேன்.
பென்சில் இருக்கிறதா என்று
பக்கத்துப் பையனிடம் கேட்டேன்.