இழுப்பு

ஒற்றை இழுப்பு என்றால் சுகம்.
இரட்டை என்றால் தூக்கு.
மூன்றுக்கு நாங்கள் பொருள் வைக்கவில்லை.
மூன்றாவதற்குக் கை இருக்காது என்பான் ஒனோஃப்ரே.

கெயோன் துறையிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம்,
பதினெட்டுப் பாக ஆழத்தில்
அவன் கடல்முள்ளி பொறுக்குவான்.
நான் படகில், கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்தில்,
மஞ்சள் குழாயை விரலிடுக்கில் ஓடவிட்டு
அவன் மூச்சுக்குக் காவல் இருப்பேன்.
பெட்ரோல் தீர்ந்தால் அவன் தீர்ந்தான்.
பதினோரு வருடம் தீரவில்லை.

அன்று இரட்டை இழுப்பு வந்தது.
தூக்கினேன்.
தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
சிலியின் எல்லா லாரிகளையும்போல
எங்கள் லாரியும் நான்கு மணிக்குக் கிளம்பிவிடும்.
நிறுத்தி நிறுத்தித் தூக்கவேண்டிய இடங்களில்
நிறுத்தவில்லை.
அவன் அவசரமா, என் அவசரமா,
எங்களுக்குள் அந்தப் பேச்சு இன்னும் வரவில்லை.

ஏறியதும் சிகரெட் கேட்டான்.
பாதி எரிவதற்குள் கால்கள் அவனுடையவை அல்ல.
இருட்டுவதற்குள் வயிறும்.

புவெர்த்தோ மொன்ட் ஆஸ்பத்திரியில்
முதுகுத்தண்டுக்குள் குமிழி என்றார்கள்.
சோடா பாட்டில் திறப்பதுபோல்
விரலால் செய்து காட்டினாள் ஒரு நர்ஸ்.
நாங்கள் கால்களுக்காக அழுதுகொண்டிருந்தோம்.
எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது,
நெஞ்சிலிருந்து.

இருமுவதற்கு வயிறு வேண்டுமாம்.
நாற்பத்தாறு வயதுவரை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
தொண்டை மட்டும் இருமினால்
பூனை தும்முகிற சத்தம்.
வாசல்வரை வந்த சளி
கொல்லைப்புறமாகப் போய்
மறுபடி உள்ளே உட்கார்ந்துகொள்கிறது, கடன்காரனைப்போல.

பிசியோதெரபி இசோலினா
என் இரண்டு உள்ளங்கையையும் எடுத்து
அவன் விலா எலும்புக்குக் கீழே வைத்தாள்.
அவன் மூச்சை முழுக்க இழுக்கட்டும்.
இருமப்போகும் அந்த நொடியில்
உள்ளே, மேலே, ஒரே தள்ளு.
அவசரப்படாதே என்றாள்.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் தடவை பிந்திவிட்டேன்.
இரண்டாவது தடவை என் அம்மாவைத் திட்டினான்.
மூன்றாவதில் வந்தது:
பச்சையாக, முள்ளியின் உள்ளே இருக்கும்
நாக்கைவிடச் சின்னதாக.
இருவரும் அதைப் பார்த்தோம்,
பிடித்ததை எடைபோடுகிறவர்களைப்போல.

இரவு நாற்காலியில்தான் படுக்கை.
என் சட்டைக்கை நுனியை
அவன் விரலில் சுற்றியிருக்கிறேன்.
மணியை அமுக்கினால் நர்ஸ் வர நேரமாகிறது.
பச்சை எண்கள் ஏறி இறங்குகின்றன.
தொண்ணூற்றொன்று. தொண்ணூறு.
கம்ப்ரசர் சத்தம் இல்லாமல்
எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

மூன்று மணிக்கு இரட்டை இழுப்பு.
எழுந்து உள்ளங்கைகளை வைத்தேன்.
காத்திருந்தேன்.
அவன் நெஞ்சு ஏறுகிறவரை,
ஏறி நிற்கிறவரை,
இன்னும் கொஞ்சம்.

துடைத்துவிட்டபின் கேட்டான்:
அந்தப் பெட்டிகளை என்ன விலைக்குத் தள்ளினாய்?

நல்ல விலை என்றேன்.
அன்று லாரி மூன்றரைக்கே போய்விட்டிருந்தது.