இரண்டு கிலோ முன்னூறு

பகலில் கோட்டைத் தபாலகத்தில்
பொதி நிறுக்கிற கை.
மாலை ஆறுக்குப் பிறகு அதே கைக்கு
அரசாங்கம் ஒரு டோர்ச் கொடுத்தது,
பற்றரி சொந்தச் செலவில்.

ரிசேவ் கான்ஸ்டபிள் சல்தீன்,
கொம்பனித்தெரு மலாய்க்காரர்.
பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து
எங்களை இறக்கி வரிசையில் விடுவார்கள்.
மற்றவர்கள் பையைக் கொட்டுவார்கள்.
இவர் தூக்கிப் பார்ப்பார்.
"இரண்டு கிலோ முன்னூறு.
சோத்துப்பெட்டி கழுவேல்லப் போல."
சிரிக்கலாமா என்று தெரியாமல்
அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

நல்லவர் என்று சொல்ல வரவில்லை.
தம்பியை ஜீப்பில் ஏற்றிய இரவு
இவரும் அங்கேதான் நின்றார்,
டோர்ச்சைத் தரைக்கு அடித்தபடி.
மறுநாள் என் பையை வாங்கினார்.
எடை சொல்லவில்லை.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் வெள்ளி,
மருந்துக்கடை வாசலில்
யாரோ விட்டுப்போன பை.
கிட்டப் போகாதே என்று கத்தினார்களாம்.
தூக்கித்தான் பார்த்திருப்பார், கைப்பழக்கம்.
என்ன எண் வந்திருக்கும் வாயில்?

சந்தூக்கைத் திறக்க விடவில்லை.
சுமந்த நாலு பேரும்
பள்ளிவாசல் மட்டும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாற்பது கழிந்து
மனைவி ஜெனீரா களஞ்சியத்துக்குப் போய்
உடுப்பை ஒப்படைத்தா.
காற்சட்டை இரண்டு, தொப்பி, பழைய பெல்ட்.
விசில் இல்லை.
நாற்பத்தெட்டு ரூபாய் கழித்தார்களாம்.

தம்பியைப் பற்றி
அவரிடம் கேட்டிருக்கலாம்.
ஜீப்பின் இலக்கமாவது
தெரிந்திருக்கும்.