தேறல்

நாலு கோப்பை, ஒரு தாள், ஒரு பென்சில்.
பேனா கூடாதாம், மை மணம் மூக்கைக் குழப்பும்.
அத்தர் பூசி வந்த நெவிலை
கழுவிக்கொண்டு வா என்று
திருப்பி அனுப்பிவிட்டார் டெரெக்.

அபுதாபி, செவ்வாய் இரவு.
வெளியே முப்பத்தெட்டு டிகிரி,
கண்ணாடிச் சுவரின் வெளிப்பக்கம்
வியர்த்து வழிகிறது.
உள்ளே ஆறு எஃகு அண்டாக்கள்
தமக்குள் முணுமுணுக்கின்றன.

என்னை இழுத்து வந்தவள் வாங்கரி.
"தண்ணீரைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறாய்,
பீர் எம்மாத்திரம்?"
சோதிப்பது கருவியம்மா, நாக்கு இல்லை
என்றால் கேட்டால்தானே.

தோற்றம்:
செம்பு கலந்த பொன்.
நகைக்கடைக் கணக்கில் பதினெட்டு கேரட்.
நுரை இறங்க இறங்க
கோப்பைக்குள் வளையம் வளையமாய்
அலை விட்டுப்போன தடம்.

மணம்:
ஒரு முறை நீளமாய் இழு, மூன்று முறை குட்டியாய்.
ஷிபு பம்பளிமாஸ் என்று எழுதுவதை
ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன்.
எனக்கு நார்த்தங்காய், அதுவும் தோல்,
நகத்தால் கீறிய அந்த நொடி.
பிறகு ஏதோ மரத்துப் பிசின்.
பிறகு கருகப்போய் கருகாமல் விட்ட
ரொட்டியின் ஓரம்.

முதல் இரண்டும் ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவாம்.
அந்தப் பூவை நான் கண்டதில்லை.
இங்கே அது கோழித்தீவனம் மாதிரி
பச்சைக் குருணையாய், வெள்ளிப் பையில் வருகிறது.

சுவை:
கசப்பு என்று எழுதி அடித்தேன்.
பாகற்காய் நாக்கின் நடுவில் நின்று சண்டை போடும்.
சுண்டைவற்றல் எண்ணெயோடு சமாதானமாகிவிடும்.
இது, விடைபெற்று வாசல்வரை போன விருந்தாளி
திரும்பி வந்து
ஒன்று சொல்ல மறந்துட்டேன் என்பது மாதிரி.

மூன்று கோப்பை இப்படி.
நாலாவதிலும் நார்த்தங்காய், பிசின், ரொட்டி.
அடியில் என்னவோ.

கிராம்பு, என்றாள் வாங்கரி.
மிளகு, என்றான் கழுவிய நெவில்.
இல்லை.
பிளாஸ்திரி.
உறை கிழித்ததும் வருமே, அந்தப் புது பிளாஸ்திரி,
பல் டாக்டரின் அறை.

அறையில் எனக்கு மட்டும் அதன் பெயர் தெரியும்:
குளோரோபீனால்.
தண்ணீரின் குளோரினும் தானியத்தின் பீனாலும்
கள்ளத்தனமாய்ப் பெற்ற பிள்ளை.
நூறு கோடித் துளியில் பத்து இருந்தால் போதும்,
மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வாரம் காய்ச்சியது என்று கேட்டேன்.
பதினான்காம் தேதி, என்றார்.
பெருங்குழாய் கழுவிய வாரம்.
குளோரினை ஒரு படி ஏற்றுக என்ற படிவத்தில்
இரவு ஷிப்ட், ஆய்வகம், கையெழுத்து:
மா. இசக்கிச்செல்வி.

கடலைப் பிழிந்து உப்பெடுத்து
எலும்பில்லாத நீராக்கி அனுப்புகிறோம் நாங்கள்.
டெரெக் அதில் கிராம் கணக்கில்
ஜிப்சம் போட்டு எலும்பு கொடுக்கிறார்.
எடுப்பவளுக்கும் சம்பளம், போடுபவருக்கும் சம்பளம்.
ஆனால் தாளில்
தண்ணீருக்கு என்று கட்டமே இல்லை.

ஓரத்தில் நானே ஒன்று வரைந்தேன்.
'உங்கள் கரி வடிகட்டி செத்துப்போயிற்று, மாற்றவும்.'
பென்சிலை வைத்துவிட்டு மறுபடி எடுத்து
'அளவை ஏற்றியது நான்.'
ஐம்பதுக்கு இருபத்தொன்று.

தெளிந்த கள்ளுக்குப் பழைய தமிழில்
தேறல் என்று பெயர்.
பரீட்சையில் தேறுவதும் அந்தச் சொல்தான்.
இது இரண்டிலும் தேறவில்லை.

டெரெக் வாசித்தார். தலையைச் சொறிந்தார்.
அறுநூறு லிட்டரைத் திறந்துவிட்டார்.
சாக்கடைக்குப் போய், சுத்தமாகி,
சாலை நடுவே போகன்வில்லாவுக்கு
என்றைக்காவது போய்ச் சேரும்.

ஐந்து வாரம் கழித்து
அதே மேசை, புதுக் கோப்பை.
நார்த்தங்காய் இருந்தது. பிசின் இருந்தது.
கசப்பு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது.
அடிவரை தேடினேன்,
நான் எங்கேயும் இல்லை.

நாற்பத்து மூன்று போட்டேன்.
மீதி ஏழு ஏன் குறைத்தாய், என்றான் நெவில்.
நுரை சீக்கிரம் இறங்கிவிட்டது என்றேன்.