நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜங்ஷன் பாலத்துக்குக் கீழே
எடைக்குப் போகாமல் தப்பிய புத்தகம்.
எழுதிய புரோகிராமை உடைக்காமல் திருத்துவது பற்றி.
தொண்ணூறு என்றார், எழுபதுக்குத் தந்தார்.
உள்ளட்டையில் பென்சில்:
வே. நைனார், வண்ணார்பேட்டை, 2011.

களக்காட்டிலிருந்து ஆபீசுக்குப் போகிற பஸ்
நாங்குநேரி தாண்டினால் குலுக்கல் அடங்கும்.
அங்கிருந்து மூன்றடைப்பு வரை நாலு பக்கம்.
இங்கிலீஷ் கடித்தால் இரண்டு.

எல்லா உதாரணத்திலும் ஒரு பீட்சா கடை வருகிறது.
நான் பீட்சாவை வாழைத்தார் என்று வாசித்தேன்,
மேலே தூவுவதையெல்லாம் இறக்குக்கூலி என்று.
பிறகு ஓடியது.

நைனார் ஓரத்தில் நின்று சண்டை போடுகிறார்.
எதற்கும் பொருளுள்ள பெயர் வை
என்கிறது பத்தொன்பதாம் பக்கம்.
‘சம்பளம்னு பேரு வச்சா சம்பளம் வந்துருமா?’
ஒரு ஃபங்ஷன் ஒரு வேலைதான் செய்யவேண்டும்:
‘மொதலாளிட்ட சொல்லு, நான் ஏழு பாக்கேன்.’
நான் சிரித்ததில்
பக்கத்து சீட்டுப் பூக்காரி கூடையை நகர்த்திக்கொண்டாள்.
எண்பத்தெட்டில் மட்டும் ஒற்றைச் சொல்,
அடியில் இரண்டு கோடு: ‘சரிதான்.’
அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன்.

நூற்றுப் பன்னிரண்டில் பென்சில் நின்றுவிடுகிறது.
அப்புறம் வெறும் வெள்ளை ஓரம்.
வேலையை விட்டாரோ, சென்னைக்குப் போனாரோ,
பென்சில்தான் தொலைந்ததோ.
பேச்சுத்துணை இறங்கிப்போன பஸ் மாதிரி இருந்தது.
நானும் அங்கேயே மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
தாவீது கமிஷன் மண்டியின் பில் புரோகிராமைத் திறந்தேன்.
எழுநூறு வரி, ஒரே மூச்சு.
டெம்ப், டெம்ப்2, டெம்ப் புதுசு.
எல்லாம் நான் பெற்ற பிள்ளைகள்.
கமிஷன் தனி, கழிவு தனி, கூலி தனி
என்று பிரித்துக் குடிவைத்தேன்.
டெம்ப்2-க்கு ‘தார்’ என்று அழகாகப் பெயர் வைத்தேன்.
இருநூற்றுப் பத்து வரியானது.
ராத்திரி பதினொன்றுக்கு ஏற்றிவிட்டு
அப்படியொரு தூக்கம்.

அஞ்சரைக்குப் போன்.
‘ஏ இசக்கித்தாயி,
ஏத்தன் பதினெட்டுத் தாரு வந்துருக்கு,
பில்லுல நூத்தி எம்பதுங்கு.
கொண்டாந்தவருக்கு சந்தோசம்,
எனக்குல்லா வயிறு எரியுது.’

மண்டிக்கு ஓடினேன்.
லாரி வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர்
துண்டை உதறியபடி என்னைப் பார்த்தார்கள்.
பழையதைத் திருப்பிப் போட இரண்டு நிமிஷம்.
காரணம் தேட முக்கால் மணி நேரம்:
டெம்ப்2 ஓரிடத்தில் தார்,
இன்னோரிடத்தில் சீப்பு.
தாருக்குப் பத்துச் சீப்பு.
இரண்டுக்கும் ஒரே நல்ல பெயரை
நான்தான் சூட்டியிருந்தேன்.

சாக்கில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தேன்.
நூற்றுப் பதிமூன்று, முதல் பத்தி:
தொடுவதற்கு முன்னால்
விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடு.
அதே விடை வருகிறதா பார்.
அதன்பிறகு மாற்று. மறுபடி பார்.

விடை தெரிந்த கணக்கு பக்கத்திலேயே இருந்தது,
தாவீது அண்ணாச்சி கையால் எழுதிய சீட்டில்.
பதினெட்டில் கழிவு ஒன்று. பதினேழு.
தார் முந்நூற்றுப் பத்து. ஐயாயிரத்து இருநூற்று எழுபது.
கமிஷன் ஐநூற்று இருபத்தேழு, கூலி தொண்ணூறு போக
நாலாயிரத்து அறுநூற்று ஐம்பத்து மூன்று.
அப்படியே தட்டினேன்.
பழையதில் பச்சை.
நேற்று ராத்திரி எழுதியதில் சிவப்பு.
சிவப்பைப் பார்த்து
எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறை நிம்மதி வந்தது.

பென்சில் இல்லை.
தார்க்காம்பில் நம்பர் போடுகிற மார்க்கரை வாங்கி
வெள்ளை ஓரத்தில் எழுதினேன்:
‘நைனாரண்ணே, இன்னும் ஒரு பக்கம் வந்திருக்கலாம்.’

மை மறுபக்கம் ஊறிவிட்டது.
நூற்றுப் பதினாலில் இரண்டு வார்த்தை தெரியவில்லை.
எழுபது ரூபாய்ப் புத்தகம்தானே,
எட்டு மணி பஸ்ஸில்
மீதியை வைத்து ஊகித்துக்கொண்டேன்.