சுண்டுவிரல்

வாழப்பாடி சொசைட்டியில் வரிசை
புளியமரம் தாண்டிவிட்டது.
தங்காயியின் கட்டைவிரலை
மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை.
சேகோ மில்லில் உரித்த மரவள்ளித் தோலோடு
ரேகையும் போயிருக்கும்.
"தொடச்சு வையி."
முந்தானையில் துடைத்தாள், அப்புறம் தலைமுடியில்.
ஆள்காட்டி, நடுவிரல்,
எதுவும் அவள் இல்லையாம்.

கத்தியே பிடிக்காத சுண்டுவிரலுக்குத்தான்
பச்சை எரிந்தது.

ஒரு மூட்டை யூரியா.
ரசீதில் மானியம்
அவள் கொடுத்ததைவிடப் பெரிய எண்.
கூடவே, கேட்காத மருந்து பாட்டில் ஒன்று:
"இதையும் எடுத்தாத்தான் மூட்டை."
பாக்கி ஐம்பது காசுக்குப்
புளிப்பு மிட்டாய்.

மழைக்கு முந்தி இரண்டு சால் போட்டாள்.
மறுநாள் மில்லில்
கிழங்கு உரிக்கும்போது
சுண்டுவிரலை மட்டும்
கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தாள்.

மேலுரம் இன்னொரு தடவை போடணும்.